புதிய வால்வு நன்றாக இருக்கிறது, பேஸ்மேக்கர் எதற்கு?

கேள்வி: என் அம்மாவுக்கு வயது 78. அயோர்டிக் வால்வு சுருங்கிப் போனதால், பதினோரு நாள்களுக்கு முன் தொடை ரத்தக் குழாய் வழியாக டாவி முறையில் புதிய வால்வு பொருத்தினார்கள். மூச்சிரைப்பு உடனே குறைந்தது. எக்கோ பார்த்துவிட்டு வால்வு நன்றாக வேலை செய்கிறது என்றார்கள். ஆனால் முன்பு சாதாரணமாக இருந்த ஈசிஜியில் இப்போது புதிதாக 'எல்பிபிபி' வந்திருப்பதாகவும், பிஆர் 246, க்யூஆர்எஸ் 158 என்றும் டிஸ்சார்ஜ் தாளில் எழுதியிருக்கிறார்கள். நெஞ்சில் ஈசிஜி பதிவு செய்யும் பட்டை ஒன்றை ஒட்டி, பேஸ்மேக்கர் தேவைப்பட்டாலும் படலாம், இரண்டு வாரம் கழித்து வாருங்கள் என்று ஐந்தாம் நாள் அனுப்பிவிட்டார்கள். இது சிகிச்சையில் நடந்த தவறா? அதே நாளில் அதே சிகிச்சை செய்துகொண்ட பக்கத்து அறைப் பெரியவருக்கு மூன்றாம் நாளே பேஸ்மேக்கர் வைத்துவிட்டார்கள். அம்மாவுக்கு ஏன் வைக்கவில்லை? ஒரு பாதுகாப்புக்காக இப்போதே வைத்துக்கொள்ளலாமா? ரத்த அழுத்தத்துக்கு மெட்டோப்ரோலால் மாத்திரையும், கண் நீர் அழுத்தத்துக்கு டிமோலால் சொட்டு மருந்தும் பல ஆண்டுகளாக எடுத்துக்கொள்கிறார். நேற்று மாலை உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தபோது சில நொடிகள் கண் இருட்டிக்கொண்டு வந்ததாகச் சொன்னார். உடனே சரியாகிவிட்டது, ஒன்றுமில்லை என்கிறார்.

பதில்: உங்கள் மூன்று கேள்விகளுக்கும் விரிவாகவே பதில் எழுதுகிறேன். ஆனால் அவற்றுக்கு முன்னால், கடிதத்தின் முடிவில் நீங்கள் எழுதியிருக்கும் அந்தச் சில நொடி இருட்டைப் பற்றிப் பேசியாக வேண்டும். அது ஒன்றுமில்லாத விஷயமாக இருக்கவும் கூடும். இருந்தாலும், டாவி செய்து இரண்டு வாரம்கூட ஆகாத, இதயத்தின் மின்பாதையில் இடது கிளை தடைபடும் எல்பிபிபி என்ற இடது கற்றை அடைப்பு புதிதாக வந்திருக்கிற, பிஆர் இடைவெளியும் நீண்டிருக்கிற ஒருவருக்கு, உட்கார்ந்த நிலையில் கண் இருட்டியது என்றால், இதயத் துடிப்பு சில நொடிகள் நின்று மீண்டிருக்கலாம் என்றுதான் மருத்துவர் முதலில் எண்ண வேண்டும்; அப்படி இல்லை என்று நிரூபித்த பிறகே வேறு காரணங்களுக்குப் போக வேண்டும். எழுந்து நின்றவுடன் தலை சுற்றியிருந்தால் ரத்த அழுத்தம் இறங்கியிருக்கலாம் என்று ஓரளவு ஆறுதல் கொள்ள இடமிருக்கும். உட்கார்ந்திருக்கும்போதோ படுத்திருக்கும்போதோ வருவது அந்த வகையைச் சேர்ந்ததாக இருப்பது அரிது.

எனவே இரண்டு வாரம் முடியட்டும் என்று காத்திருக்காமல், இதைப் படித்தவுடன் வால்வு பொருத்திய மருத்துவமனையின் இதயப் பிரிவைத் தொலைபேசியில் அழைத்து, புதிய எல்பிபிபி இருக்கிறது, பிஆர் 246, உட்கார்ந்திருக்கும்போது கண் இருட்டியது என்ற மூன்று செய்திகளையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுங்கள். அம்மாவை இன்றே அழைத்துச் சென்று பன்னிரண்டு லீடு ஈசிஜி எடுக்க வேண்டும். பெரும்பாலும் மானிட்டரில் வைத்துக் கவனிக்க அவரைச் சேர்த்துக்கொள்ளச் சொல்வார்கள்; மறுக்காமல் ஒப்புக்கொள்ளுங்கள். அங்கே போய்ச் சேரும்வரை அவர் தனியாக இருக்க வேண்டாம், குளியலறைக் கதவைத் தாழிட வேண்டாம், வண்டி ஓட்டும் பழக்கம் இருந்தால் ஓட்ட வேண்டாம். இதற்கிடையில் மீண்டும் கண் இருட்டினாலோ மயங்கி விழுந்தாலோ தொலைபேசிக்குக் காத்திராமல் நேரே அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டு செல்லுங்கள்.

நெஞ்சில் பட்டை ஒட்டியிருக்கிறதே, ஏதாவது நடந்தால் அவர்களே கூப்பிட மாட்டார்களா என்று உங்களுக்குத் தோன்றலாம். குடும்பத்தினர் பலர் இப்படித்தான் நம்பியிருக்கிறார்கள். இந்த நம்பிக்கை ஆபத்தானது. இத்தகைய பட்டைகளில் சில மட்டுமே பதிவைத் தொலைபேசி வலை வழியாக அவ்வப்போது கண்காணிப்பு மையத்துக்கு அனுப்புகின்றன. பல பட்டைகள் பதிவைத் தமக்குள் சேமித்து மட்டுமே வைக்கும். கழற்றிக் கொடுத்த பிறகே யாரும் அதைப் பார்ப்பார்கள். அம்மாவுடையது எந்த வகை என்று இன்றே கேளுங்கள். சேமித்து மட்டும் வைக்கும் வகை என்றால், நேற்று மாலை என்ன நடந்தது என்பதற்கான விடை இந்நேரம் அதற்குள் பதிவாகியிருக்கும். அதை உடனே இறக்கிப் பார்க்கச் சொல்லும் உரிமை உங்களுக்கு உண்டு. பெரும்பாலான பட்டைகளில் ஒரு பொத்தான் இருக்கும். அறிகுறி தோன்றும்போது அதை அழுத்தினால் பதிவில் அந்த இடம் அடையாளமிடப்படும். நேற்று அழுத்தவில்லை என்றாலும் பாதகமில்லை. ஏறக்குறைய எத்தனை மணிக்கு நடந்தது என்பதைக் குறித்துக் கொண்டு போனால் போதும், தேடி எடுத்துவிடுவார்கள்.

இனி, இந்தச் சிக்கல் எப்படி வருகிறது என்பதைப் பார்ப்போம். இதைப் புரிந்துகொண்டால் உங்கள் முதல் கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிடும். முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்துகிறேன்: ஆஞ்சியோவில் தெரிகிற ரத்தக் குழாய் அடைப்புக்கும் இதற்கும் தொடர்பில்லை. இது மின் ஓட்டம் தடைபடும் நோய்.

இதயத்தின் வலது மேலறையில் இருக்கும் சைனஸ் கணுவில் ஒவ்வொரு துடிப்புக்கும் உரிய மின் தூண்டல் பிறக்கிறது. மேலறைகளிலிருந்து கீழறைகளுக்கு அது இறங்க ஒரே ஒரு வழிதான் உண்டு. நடுவில் இருக்கும் ஏவி கணுவையும், அதிலிருந்து கிளம்பும் ஹிஸ் கற்றையையும் கடந்துதான் வர வேண்டும். அதன்பின் அது வலது கிளை, இடது கிளை என்று பிரிந்து இரண்டு கீழறைகளுக்கும் பரவுகிறது. மேலிருந்து கீழே இறங்க எடுத்துக்கொள்ளும் நேரமே ஈசிஜியில் பிஆர் இடைவெளி. இது 200 மில்லிநொடிக்குள் இருக்க வேண்டும். கீழறைகள் முழுவதும் பரவ எடுத்துக்கொள்ளும் நேரம் க்யூஆர்எஸ். இது 120 மில்லிநொடியைத் தாண்டக் கூடாது. உங்கள் தாயாருக்கு இடது கிளை வழியாகத் தூண்டல் போகவில்லை. வலப்புறம் சென்று, அங்கிருந்து தசை வழியாக மெதுவாக இடப்புறம் பரவுகிறது. அதனால்தான் க்யூஆர்எஸ் 158 ஆக அகன்றிருக்கிறது. பிஆர் 246 என்பது, மிஞ்சியிருக்கும் அந்த வழியிலும் தூண்டல் தாமதமாகவே செல்கிறது என்பதைக் காட்டுகிறது. இந்த இரண்டும் சேர்ந்திருப்பதே நம் கவலைக்குக் காரணம். இடது கிளை மட்டும் அடைபட்டிருந்தால் வலது கிளை இதயத்தைத் தாங்கிக்கொள்ளும். வலது கிளையும் விட்டுவிட்டால், மேலறையின் தூண்டல் எதுவும் கீழறைகளை எட்டாத முழு ஹார்ட் பிளாக் ஏற்படும்.

ஹிஸ் கற்றை அமைந்திருக்கும் இடம்தான் எல்லாவற்றுக்கும் மூலம். அயோர்டிக் வால்வுக்கு மூன்று இதழ்கள் உண்டு. அவற்றில் வலது கொரோனரி இதழும், கொரோனரி தமனி கிளம்பாத இதழும் சந்திக்கும் மூலைக்குச் சற்றுக் கீழே, இரண்டு கீழறைகளையும் பிரிக்கும் சுவரில், சவ்வு போன்ற மெல்லிய பகுதி ஒன்று இருக்கிறது. ஹிஸ் கற்றை அந்தச் சவ்வின் கீழ் விளிம்பை ஒட்டி வெளிப்பட்டு, உடனடியாக இடது கிளையாகப் பிரிந்து, இடது கீழறையின் உட்பரப்பை ஒட்டியே இறங்குகிறது. வால்வின் வளையத்துக்கும் கற்றைக்கும் இடையே இருப்பது சில மில்லிமீட்டர் தூரமே. அந்தச் சவ்வு சிலருக்கு நீளமாக இருக்கும், சிலருக்கு மிகக் குறுகலாக இருக்கும். குறுகலாக இருப்பவருக்குக் கற்றை வால்வை நெருங்கியே இருக்கும். பூச்சுக்குள் மின்கம்பி ஓடுகிற சுவரில் இரும்புச் சட்டம் ஒன்றை இறுக்கிப் பொருத்துவதைப் போன்றதுதான் இந்தச் சிகிச்சை. சட்டம் உறுதியாக நின்றால்தான் பயன், ஆனால் அந்த உறுதியே கம்பியை நசுக்கவும் கூடும்.

திறந்த இதய அறுவை சிகிச்சையில் பழைய வால்வை வெட்டி எடுத்துவிட்டுப் புதியதைத் தைப்பார்கள். டாவியில் பழைய வால்வு எடுக்கப்படுவதில்லை. சுண்ணாம்பு படிந்து கல்லாகிப் போன அதன் இதழ்களை ஓரத்துக்குத் தள்ளி நசுக்கிவிட்டு, அதற்குள் உலோக வலைச் சட்டத்தோடு கூடிய புதிய வால்வு விரிகிறது. 2002இல் பிரான்ஸின் ரூவான் நகரில் அலன் கிரிபியே இதை முதன்முதலாக ஒரு மனிதருக்குச் செய்த நாளிலிருந்து கருவிகள் எவ்வளவோ மேம்பட்டுவிட்டன. ரத்தக் கசிவும், தொடைக் குழாய்க் காயங்களும் பெருமளவு குறைந்தன. மின்கடத்தல் பாதிப்பு மட்டும் அந்த வேகத்தில் குறையவில்லை. கருவியின் குறையைச் சீர்செய்து நீக்கிவிடக்கூடிய சிக்கலாக இது இல்லாமல், உடலின் அமைப்பிலேயே வேர் கொண்டிருப்பதுதான் அதற்குக் காரணம்.

காயம் எல்லோருக்கும் ஒரே மாதிரி அமைவதில்லை. சிலருக்குச் சட்டமோ சுண்ணாம்புக் கட்டியோ கற்றையை நேரடியாக அழுத்துகிறது. சிலருக்கு அந்த இடத்தில் வீக்கமும் சிறு ரத்தக் கசிவும் மட்டும் ஏற்பட்டு, சில நாள்களிலோ வாரங்களிலோ வடிந்துவிடுகின்றன; புதிதாக வந்த எல்பிபிபி கணிசமான நோயாளிகளுக்குத் தானாகவே மறைவது இதனால்தான். ஆனால் இதற்கு எதிரான போக்கும் உண்டு. நிட்டினால் என்னும் நினைவு உலோகத்தால் ஆன, தானே விரியும் வகைச் சட்டம், பொருத்திய பிறகும் வெளிப்பக்கமாகத் தொடர்ந்து அழுத்தம் கொடுத்துக்கொண்டிருக்கும். எனவே சிகிச்சை மேசையில் சீராக இருந்த ஈசிஜி, சில நாள்கள் கழித்து மாறவும் கூடும். பலூனால் விரிக்கப்படும் கோபால்ட் குரோமியச் சட்டத்தில் இந்தத் தாமத அழுத்தம் குறைவு. இருந்தாலும் அங்கும் தாமதமாக பிளாக் வந்தவர்கள் உண்டு.

இது தவறா என்ற உங்கள் கேள்விக்கு வருகிறேன். நீங்கள் எழுதியுள்ளதை வைத்துப் பார்த்தால், தவறு என்று சொல்ல நான் எந்தக் காரணத்தையும் காணவில்லை. நன்றாகச் செய்யப்பட்ட சிகிச்சையிலும் இது நேர்கிறது. அபாயம் குறைவான நோயாளிகளிடம் டாவியையும் திறந்த அறுவையையும் ஒப்பிட்டு 2019இல் வெளியான இரண்டு பெரிய ஆய்வுகளைப் பாருங்கள். பலூனால் விரியும் வால்வைப் பயன்படுத்திய பார்ட்னர் 3 ஆய்வில், முதல் 30 நாள்களுக்குள் பேஸ்மேக்கர் தேவைப்பட்டவர்கள் டாவி பிரிவில் சுமார் 6.5 சதவீதம், அறுவைப் பிரிவில் சுமார் 4 சதவீதம். தானே விரியும் வால்வைப் பயன்படுத்திய எவல்யூட் ஆய்வில் அது 17.4 சதவீதமும் 6.1 சதவீதமும் ஆகும். புதிய எல்பிபிபி இவற்றைவிட அதிகம். பார்ட்னர் 3 ஆய்விலேயே டாவி செய்துகொண்டவர்களில் ஐந்தில் ஒருவருக்கு மேல் அது வந்தது. அதன்பின் சட்டத்தைச் சற்று உயரத்தில் பொருத்தும் முறைகள் பரவி, தானே விரியும் வால்விலும் இந்த எண்ணிக்கை குறைந்திருக்கிறது. ஆயினும் உயர்த்திப் பொருத்துவதற்கும் ஒரு வரம்பு உண்டு. வளையத்துக்குக் கீழே மூன்று மில்லிமீட்டர் அளவில் நிறுத்த வேண்டும் என்று நினைத்து விரிக்கும்போது, இன்னும் மேலே போனால் வால்வு நழுவி அயோர்டா என்னும் பெருந்தமனிக்குள் போய்விடக்கூடும், ஓரக் கசிவு அதிகமாகக்கூடும், பிற்காலத்தில் கொரோனரி தமனிக்குள் கதீட்டர் என்ற மெல்லிய குழாயை நுழைப்பது கடினமாகக்கூடும். துடிக்கிற இதயத்தில், ஓரிரு மில்லிமீட்டர் வித்தியாசத்தில் எடுக்கப்படும் முடிவு அது.

அதற்காக நீங்கள் எதையும் கேட்கக் கூடாது என்று சொல்லவில்லை. சட்டம் எவ்வளவு ஆழத்தில் நிற்கிறது, முன்பே எடுத்த சிடி ஸ்கேனில் அந்தச் சவ்வுப் பகுதியின் நீளம் எவ்வளவு இருந்தது, சுண்ணாம்பு எந்த இதழின் கீழே அதிகமாக இருந்தது என்று கேளுங்கள். குற்றம் கண்டுபிடிக்கும் தொனியில் அல்லாமல், இனி என்ன எதிர்பார்க்கலாம் என்பதை அறிவதற்காகக் கேளுங்கள். நல்ல மருத்துவர் தயங்காமல் பதில் சொல்வார். என் வருத்தம் வேறு. பேஸ்மேக்கர் தேவைப்படக்கூடும் என்ற செய்தியைச் சிகிச்சைக்கு முந்தைய ஒப்புதல் படிவத்தில் பத்தோடு பதினொன்றாக எழுதிக் கையெழுத்து வாங்கிவிட்டு, வாய்விட்டு விளக்காமல் விட்டுவிடுகிறோம். முன்பே உட்கார வைத்துச் சொல்லியிருந்தால், உங்களைப் போன்ற பிள்ளைகள் இதைத் தவறா என்று கேட்டு மனம் புழுங்க வேண்டியிருக்காது.

பக்கத்து அறைப் பெரியவரின் ஈசிஜியை நான் பார்க்கவில்லை. பொதுவாக மூன்றாம் நாளே பேஸ்மேக்கர் வைப்பதற்கு இரண்டு காரணங்களில் ஒன்று இருக்கும். முழு ஹார்ட் பிளாக்கோ அதற்கு நெருங்கிய நிலையோ ஏற்பட்டு 24 முதல் 48 மணி நேரம் கடந்தும் மாறாமல் இருந்தால், மேலும் காத்திருப்பதில் பொருளில்லை. பேஸ்மேக்கர் வைக்க வேண்டும் என்பதே ஐரோப்பிய இதயவியல் சங்கம் 2021இல் வெளியிட்ட வழிகாட்டுதலின் தெளிவான பரிந்துரை. மற்றொன்று, சிகிச்சைக்கு முன்பே வலது கிளை அடைபட்டிருந்து, டாவிக்குப் பிறகு கடத்தல் மேலும் பாதிக்கப்படுவது. டாவியால் காயப்படுவது பெரும்பாலும் இடது கிளைதான் என்பதால், ஏற்கெனவே வலது கிளை இல்லாதவருக்கு மாற்று வழியே இருக்காது. பேஸ்மேக்கர் தேவைப்படும் என்று முன்கூட்டியே கணிக்க உதவும் அடையாளங்களில் மிக வலுவானது அதுதான். அவருக்கும் அம்மாவுக்கும் வால்வு ஒன்றாக இருக்கலாம், மின்பாதை ஒன்றல்ல.

பாதுகாப்புக்காக இப்போதே வைத்துவிடலாமா என்ற கேள்விதான் இவற்றில் கடினமானது. நேற்று மாலை அந்த இருட்டு வராமல் இருந்திருந்தால் என் விடை, வேண்டாம், கவனிப்போம் என்பதாக இருந்திருக்கும். க்யூஆர்எஸ் 150க்கு மேலோ பிஆர் 240க்கு மேலோ இருந்து, 48 மணி நேரத்துக்குப் பிறகு அவை மேலும் நீளாமல் நின்றிருந்தால், தொடர் ஈசிஜி பதிவோ மின் இயக்க ஆய்வோ செய்யலாம் என்றுதான் அதே வழிகாட்டுதல் சொல்கிறது. எனவே உங்கள் மருத்துவர்கள் பட்டை ஒட்டி அனுப்பியது முறையான முடிவுதான். புதிய எல்பிபிபி வந்தவர்களில் பெரும்பாலோருக்குக் கடைசிவரை பேஸ்மேக்கர் தேவைப்படுவதில்லை. எல்லோருக்கும் வைத்தால், தேவையில்லாத பலர் அதன் சுமையைச் சுமக்க வேண்டியிருக்கும். ரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவருக்குத் தோலடியில் ரத்தம் கட்டலாம்; கம்பி நகரலாம்; கிருமித் தொற்று ஏற்படலாம், அதுவும் புதிய வால்வு உள்ள ஒருவருக்கு அது சாதாரணமான தொற்று அல்ல. வலது கீழறையின் நுனியிலிருந்து ஆண்டுக்கணக்கில் தூண்டிக்கொண்டே இருந்தால், சிலருக்கு இதயத்தின் சுருங்கும் திறன் குறைகிறது.

ஆனால் அறிகுறி ஒன்று வந்துவிட்ட பிறகு கணக்கு மாறுகிறது. இப்போது மருத்துவர்கள் மூன்று வழிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பார்கள். பட்டையின் பதிவில், நேற்று அந்த நேரத்தில் மேலறைகள் துடித்துக்கொண்டிருக்கக் கீழறைகள் சில துடிப்புகளைத் தவறவிட்டிருப்பது தெரிந்தால், பேச்சுக்கு இடமில்லை, பேஸ்மேக்கர் வேண்டும். இன்று எடுக்கும் ஈசிஜியில் பிஆர் இன்னும் நீண்டிருந்தாலோ, ஒரு நேரம் இடது கிளை அடைப்பும் இன்னொரு நேரம் வலது கிளை அடைப்பும் மாறி மாறித் தெரிந்தாலோ அதே முடிவுதான். இவை எதுவும் இல்லை, பதிவு சீராகவே இருக்கிறது என்றால், மின் இயக்க ஆய்வு கைகொடுக்கும். தொடைச் சிரை வழியாக மெல்லிய கம்பியை நுழைத்து, ஹிஸ் கற்றையிலிருந்து கீழறைக்குத் தூண்டல் போய்ச்சேரும் நேரத்தை நேரடியாக அளப்பார்கள். இதை எச்வி இடைவெளி என்பார்கள். அது 70 மில்லிநொடியோ அதற்கு மேலோ இருந்து, மயக்கத்துக்கு வேறு காரணமும் கிடைக்காவிட்டால், பேஸ்மேக்கர் வைப்பதே நல்லது. அதற்குக் கீழே இருந்தால் தொடர்ந்து கவனித்தபடி காத்திருக்கலாம். உங்கள் தாயாரின் நிலையில் நான் இருந்து பார்த்தால், பதிவு தெளிவாக விடை சொல்லாத பட்சத்தில், இந்த ஆய்வைத் தள்ளிப்போடாமல் செய்துவிடச் சொல்வேன்.

மருந்துகளைப் பற்றிக் கடிதத்தில் எழுதியது மிக நல்ல காரியம், குறிப்பாகக் கண் சொட்டு மருந்தை. மருந்துப் பட்டியல் கேட்கும்போது சொட்டு மருந்தைப் பலர் சொல்வதேயில்லை. நாங்களும் பல நேரம் கேட்பதில்லை. டிமோலால் என்பது மெட்டோப்ரோலாலைப் போலவே பீட்டா தடுப்பு வகையைச் சேர்ந்தது. கண்ணில் விட்ட சொட்டில் ஒரு பகுதி, கண்ணின் உள்மூலையில் உள்ள கண்ணீர்க் குழாய் வழியாக மூக்குக்குள் இறங்கி, அங்குள்ள சவ்வு வழியாக நேரடியாக ரத்தத்தில் கலக்கிறது. வயதானவர்களுக்கு அது நாடித் துடிப்பைக் குறைக்கும் அளவுக்குப் போவதுண்டு. ஆக, உங்கள் தாயார் இரண்டு பீட்டா தடுப்பு மருந்துகளை ஒரே நேரத்தில் எடுத்துக்கொண்டிருக்கிறார். ஆரோக்கியமான கடத்தல் பாதையில் அது பெரிதாகத் தெரிந்திருக்காது. காயம்பட்ட பாதையில், ஒருவேளை பிளாக் ஏற்பட்டால், இதயத்தைக் காப்பாற்றக் கீழறைகள் தாமாக எழுப்பும் மாற்றுத் துடிப்பையும் இந்த மருந்துகள் மந்தப்படுத்திவிடும்.

அதற்காக நீங்களாகவே இரண்டையும் நிறுத்திவிடாதீர்கள். மெட்டோப்ரோலாலைச் சட்டென்று நிறுத்தினால் ரத்த அழுத்தமும் துடிப்பும் எதிர்மாறாக எகிறக்கூடும்; சொட்டு மருந்தை நிறுத்தினால் கண் நரம்பு பாதிக்கப்படலாம். இன்று அழைக்கும்போதே இரண்டையும் சொல்லி, அடுத்த வேளை மருந்தைக் கொடுக்கலாமா என்று கேளுங்கள். மாத்திரையைக் குறைப்பதையோ வேறு வகைக்கு மாற்றுவதையோ இதய மருத்துவர் தீர்மானிப்பார். கண் மருத்துவரிடம் சொன்னால் இதயத் துடிப்பைத் தொடாத லாட்டனோப்ரோஸ்ட் போன்ற சொட்டு மருந்துக்கு மாற்ற முடியுமா என்று பார்ப்பார். அதுவரை சொட்டு விடவேண்டியிருந்தால், விட்டவுடன் கண்ணை மூடச் சொல்லி, மூக்கை ஒட்டிய உள்மூலையை விரல் நுனியால் இரண்டு நிமிடம் மெதுவாக அழுத்திப் பிடியுங்கள். ரத்தத்தில் கலக்கும் அளவு நன்றாகக் குறையும். நினைவாற்றலுக்காக டோனெபெசில் போன்ற மாத்திரையோ, வேறு எங்காவது எழுதிக்கொடுத்த டில்டியாசெம், வெராபமில், டிகாக்சின், அமியோடரோன் போன்றவையோ இருந்தால் அவற்றையும் சொல்லுங்கள். மருந்தைக் குறைத்தவுடன் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நம்பியிருக்க வேண்டாம். கற்றையில் காயத்தை உண்டாக்கியது மருந்தல்ல. பிளாக் உறுதியாகிவிட்டால் மருந்தை நிறுத்தினாலும் பேஸ்மேக்கர் தேவைப்படலாம்.

வைக்கத்தான் வேண்டும் என்று முடிவானால் அம்மா அதிகம் அஞ்சத் தேவையில்லை. வால்வு சிகிச்சையைவிட இது சிறியது. காறை எலும்புக்குக் கீழே மரத்துப்போகும் ஊசி போட்டு, ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் முடித்துவிடுவார்கள். கம்பியை எங்கே பொருத்தப் போகிறார்கள் என்று மட்டும் கேளுங்கள். வலது கீழறைத் தசையில் வைப்பதற்குப் பதிலாக, இடது கிளைக் கற்றை இருக்கும் பகுதியிலேயே பொருத்தி, காயத்துக்குக் கீழிருந்து இயல்பான பாதையையே தூண்டும் முறை இப்போது பரவி வருகிறது. பெரும்பாலான நேரம் பேஸ்மேக்கரைச் சார்ந்தே இருக்கப் போகிறவருக்கு, அதுவும் பம்பிங் திறன் ஏற்கெனவே குறைந்திருந்தால், அது கூடுதல் நன்மை தரக்கூடும். எல்லா மருத்துவமனைகளிலும் அதற்கான பயிற்சி இருக்காது. இல்லையென்றால் வழக்கமான முறையும் உயிரைக் காக்கும். பிற்காலத்தில் கடத்தல் திரும்பினால் பேஸ்மேக்கர் தானாகவே பின்வாங்கி, தேவைப்படும்போது மட்டும் தூண்டும்படி அமைத்துவிடுவார்கள். டாவிக்குப் பிறகு வைத்துக்கொண்டவர்களில் கணிசமான பேர் ஓராண்டு கழித்து அதை முழுமையாகச் சார்ந்திருப்பதில்லை. பிறகு எதற்கு வைத்தார்கள் என்று அப்போது யாராவது கேட்டால், அந்த முதல் வாரங்களைப் பத்திரமாகக் கடப்பதற்காக வைத்தார்கள் என்று சொல்லுங்கள்.

வைக்க வேண்டாம், கவனித்தால் போதும் என்று அனுப்பினால் வீட்டில் செய்ய வேண்டியது அதிகமில்லை. காலையிலும் மாலையிலும் மணிக்கட்டில் விரல் வைத்து, அறுபது நொடியும் முழுமையாக நாடியை எண்ணுங்கள். பதினைந்து நொடி எண்ணி நான்கால் பெருக்கினால், இடையில் விட்டுப்போகும் துடிப்புகள் கணக்கில் வராமல் போய்விடும். துடிப்பு 45க்குக் கீழே இறங்கினாலோ, இடையிடையே நெடுநேரம் நின்றாலோ உடனே தெரிவியுங்கள். விரலில் மாட்டும் ஆக்சிஜன் கருவியும் துடிப்பைக் காட்டும், ஆனால் ஒழுங்கற்ற துடிப்பில் அது பிசகும் என்பதால் விரல் கணக்கையே நம்புங்கள். எண்ணும்போது 70 இருந்தது என்பதால் நேற்று மாலை நடந்தது இதயத்தால் அல்ல என்று முடிவு கட்டிவிடக் கூடாது. இந்த பிளாக் விட்டுவிட்டு வரும், எண்ணும் நேரத்தில் இல்லாமலும் இருக்கும். காரணமில்லாத அசதி, நடக்கும்போது திரும்ப வரும் மூச்சிரைப்பு, பேச்சின் நடுவே ஒரு கணம் தொடர்பு விட்டுப்போவது ஆகியவற்றையும் அறிகுறியாகவே எண்ணுங்கள். அம்மா ஒன்றுமில்லை என்றுதான் சொல்வார். பிள்ளைகளைச் சிரமப்படுத்தக் கூடாது என்று நினைக்கும் தலைமுறை அது. கூட இருப்பவர்கள் கண்ணால் பார்த்ததை நேரத்தோடு எழுதி வையுங்கள். எங்களுக்கு அதுவே பெரிய உதவி.

மயங்கி விழுந்துவிட்டால் தூக்கி உட்கார வைக்காமல் தரையில் மட்டமாகப் படுக்க வைத்துக் கால்களை உயர்த்திப் பிடியுங்கள், ஆம்புலன்ஸை அழையுங்கள். கூப்பிட்டும் அசைவில்லை, மூச்சும் சீராக இல்லை என்றால் ஆம்புலன்ஸ் வரும்வரை நெஞ்சின் நடுவில் இரு கைகளாலும் அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். வீட்டில் ஒருவராவது இதை முறையாகக் கற்றுக்கொண்டிருப்பது நல்லது.

தாமதமாக வரும் பிளாக்கில் பெரும்பகுதி முதல் சில வாரங்களிலேயே வெளிப்பட்டுவிடும். பட்டையைக் கழற்றும்போது ஒருமுறையும், ஒரு மாதத்திலும், ஓராண்டிலும் ஈசிஜி எடுத்து, பிஆர், க்யூஆர்எஸ் எண்களை இன்றைய எண்களோடு ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். எல்பிபிபி நிலைத்துவிட்டால் எக்கோவையும் ஆண்டுதோறும் பார்க்க வேண்டும். இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் சுருங்காததால் சிலருக்குப் பம்பிங் திறன் மெல்ல இறங்குவதுண்டு. சிகிச்சைக்கு முன் எடுத்த பழைய ஈசிஜி, டிஸ்சார்ஜ் தாள் இரண்டையும் ஒரே உறையில் போட்டு, கைபேசியிலும் படமெடுத்து வைத்துக்கொண்டு மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்; இன்று எடுக்கும் ஈசிஜியையும் அதோடு சேர்த்துவிடுங்கள். இரவில் வேறொரு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போக நேர்ந்தாலும், அங்கிருக்கும் மருத்துவருக்கு எது பழையது, எது புதிதாக வந்தது என்பது அதைப் பார்த்தால்தான் தெரியும்.